ஜாடிக்குள் போட்ட சீட்டுகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. அதில் ஊறுகாய் கிடையாது. வெள்ளைக் குதிரையில் வரும் ஒரு எலும்புக்கூடு, இடி விழுந்த ஒரு கோபுரம், கண்ணைக் கட்டி வாள்களுக்கு நடுவே நிறுத்திய ஒரு பெண், தூக்கம் வராமல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்ட இன்னொருத்தி, எல்லாம் அதற்குள் அடைந்து கிடந்தன. மூடிக்கு மேல் ஒரு பழைய தலையணை உறையைக் கட்டி, அதன்மேல் பொங்கல் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வெட்கக்கேடு அந்தப் பரணோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

விருத்தாசலத்தில் ஜாடிக்குப் பஞ்சமில்லை. நான் வேலை பார்ப்பதே ஜாடியும் டீ கப்பும் கொலு பொம்மையும் செய்கிற ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில். வாய் கோணினது, கிளேஸ் மெருகு வழிந்தது என்று செகண்ட்ஸ் சாமான் எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. என் வேலைக்கு சார்ட்டிங் என்று பெயர். சூளையைத் திறந்து ஆற வைத்த சாமான் பலகையில் என் மேசைக்கு வரும். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது. டொக்கென்று செத்த சத்தம் வந்தால் உள்ளே முடிக்கீறல் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் கீறல் விட்டதைத் தொட்டியில் போட்டு உடைத்துவிட வேண்டும். உடைக்காமல் வைத்தால் யாராவது நல்லதோடு கலந்து விற்றுவிடுவார்கள். அந்த மேசையில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. முதலாளியே வந்து "இது பரவால்லம்மா" என்றாலும் "கீறல் சார்" என்று உடைத்துப் போட்டிருக்கிறேன்.

மனுஷர்களிடம் நான் அப்படியே தலைகீழ். தையல்காரர் ஜாக்கெட்டைக் கொலை செய்து கொடுத்தால்கூட "நல்லா இருக்குதுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து திட்டுவேன். நாத்தனார் குழம்பில் உப்பு கரிக்கும். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். யார் எது சொன்னாலும் என் வாயில் வருகிற முதல் வார்த்தை "சரிம்மா". ஆணாக இருந்தால் "சரிங்க". "உன் வாயிலேர்ந்து இல்லன்னு ஒரு சொல்லு வாங்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போவணும்" என்பார் வீட்டுக்காரர். இதை நல்ல குணம் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் சொன்னது. தங்கமான பொம்பளை என்று பெயர் எடுத்தவள் நான்.

டாரட் கார்டு என்கிற ஜோசியச் சீட்டு என் போனுக்குள்ளிருந்து வந்தது. வெங்காயம் உரிக்கும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஏதாவது பார்ப்பேன். ஒரு நாள் நெற்றியில் பெரிய பொட்டு வைத்த ஒரு அம்மாள் மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்து, "இதுல ஒண்ணை மனசுக்குள்ள எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். "நீங்க எல்லாருக்கும் நல்லது செய்யறீங்க, ஆனா உங்களை யாரும் புரிஞ்சிக்கல" என்று வந்தது. வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுநாளும் பார்த்தேன். அப்புறம் ஒரு நாளும் விட்டதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் போதாது, நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. சென்னையில் படிக்கிற மகனிடம் சொல்லி ஒரு கட்டு வரவழைத்தேன். பிரித்துப் பார்த்த வீட்டுக்காரர், "கோயில் வாசல்ல கிளி ஜோசியக்காரருக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியாத்தான் இருக்குது" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, கஷ்டப்பட்டுத்தான் படித்தேன். எழுபத்தெட்டுச் சீட்டு. கூட வந்த சின்னப் புத்தகம் முழுக்க எறும்பு எழுத்தில் இங்கிலீஷ். எனக்குக் கோப்பைச் சீட்டுகள்தான் முதலில் மனசில் பதிந்தன. கப்பைப் பார்த்தே காலம் தள்ளுகிறவள் இல்லையா. அப்புறம் காசு, கோல், வாள். கோப்பை என்றால் மனசு, காசு என்றால் பிழைப்பு, கோல் என்றால் காரியம், வாள் என்றால் வலி என்று எனக்கு நானே பாடம் வைத்துக்கொண்டேன். கிளேஸ் தூசி பட்டுச் சொரசொரத்த கையில் சீட்டைக் கலைக்க வராது. பாதி தரையில் விழும். காலையில் பல் தேய்த்ததும் ஒரு சீட்டு எடுத்து, இன்றைக்கு இது எப்படிப் பலிக்கிறது என்று சாயந்திரம்வரை கூடவே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். அதையும் செய்தேன். கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கக் கூடாது, வந்ததை வந்தபடி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். முதல் இரண்டும் எனக்குச் சுலபமாக வந்தன.

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், கவிழ்த்துப் போட்ட மோல்டுப் பலகைமேல் முதன்முதலாகச் சீட்டைப் பரப்பினேன். கிளேஸ் முக்குகிற பெண் ஒருத்தி ஆசையாக வந்து உட்கார்ந்தாள். அவளுடைய மாமனார் அப்போது பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். எடுத்த முதல் சீட்டே எலும்புக்கூடு. கீழே இங்கிலீஷில் டெத் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"சாவுன்னா சாவு கெடையாதும்மா. மாற்றம்னு அர்த்தம்" என்றேன்.

"மாற்றம்னா என்னாக்கா? ஆளே மாறிடுவாரா?" என்று கேட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மாமனார் நன்றாகத் திரும்பி வந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறார் என்பது வேறு விஷயம். அவள் வெகுநாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். எனக்கு வெந்தது. ஒருத்தி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் எல்லாச் சீட்டையும் பரப்பினேன். பரப்பியதும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. தெரிந்த வேலைதானே. எலும்புக்கூட்டை முதலில் எடுத்தேன். இடி விழுந்த கோபுரம், கொம்பு வைத்த சாத்தான், முதுகில் பத்து வாள் குத்திக் குப்புறக் கிடக்கிறவன், மூன்று வாள் பாய்ந்த இதயம், பனியில் நொண்டிப் போகிற பிச்சைக்காரர்கள். கண் கட்டின பெண்ணை எடுக்கும்போது கொஞ்சம் யோசித்தேன், அவள் கையையும் கயிற்றால் சுற்றியிருந்தார்கள். வேண்டாம், யாருக்காவது வந்தால் பயந்துவிடுவார்கள் என்று அவளையும் எடுத்தேன். இதில் ஒரு சங்கடம் வந்தது. கீறல் விட்ட கப்பானால் தொட்டியில் போட்டு உடைக்கலாம். இவற்றை எரிக்கவும் பயம், குப்பையில் போடவும் பயம். அப்போதுதான் வாய் கோணின ஜாடி கண்ணில் பட்டது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை, ஏதோ புண்ணியம் செய்த மாதிரி இருந்தது என்பதை நினைத்தால் இப்போது அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் என் சீட்டு பலிக்காத ஆள் இல்லை. பலிக்காமல் எப்படி இருக்கும்? எதை எடுத்தாலும் சூரியன், நட்சத்திரம், வானவில், பூமாலை. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வருகிற பெயின்ட் அடிக்கும் அக்கா, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்று வந்தது. பக்கத்துக் கம்பெனியிலிருந்தெல்லாம் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார்கள். போகும்போது முருங்கைக்கீரை, கொய்யாப்பழம் என்று மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். "உன் கை ராசியான கைக்கா" என்று கிளேஸ் பெண்ணே வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

மோல்டில் களிக்கூழ் ஊற்றுகிற ஒருத்தி இருக்கிறாள். கம்பெனியில் நான் சேர்ந்த நாளிலிருந்து எனக்குக் கூட்டு. அவள் குழம்பு என் தட்டில், என் பொரியல் அவள் தட்டில். என்னை அக்கா என்பாள், வா போ என்று பேசுவாள். புருஷன் போன பிறகு ஒற்றை மகளைத் தனியாக வளர்த்து, கருவேப்பிலங்குறிச்சியில் நிலம் நீச்சு, டிராக்டர் என்று வசதியான இடத்தில் கட்டிக்கொடுத்தாள். கல்யாணமாகி வந்த முதல் ஆடிக்கு மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. மகள் திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை.

"என்னான்னு கேட்டா வாயே தொறக்கமாட்டேங்குறாக்கா" என்றாள் சினேகிதி. "அவங்க வந்து கூப்புடறேன்னு சொல்லிட்டாங்க. எனக்கு யாரு இருக்காங்க கேக்கறதுக்கு? நீ ஒரு தடவ கார்டு போட்டுப் பாத்து சொல்லு. அனுப்பலாமான்னு."

மறுநாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் சீட்டைக் கலைத்தேன். அவள் மகள் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆவணி வெயிலில் முழுக்கைச் சுடிதார் போட்டிருந்தாள். சினேகிதி கண்ணை மூடிக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு சீட்டில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் சாப்பாட்டுப் பையை மரத்து ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினாள். சட்டைக் கை முழங்கைக்கு நழுவியது.

சூட்டுத் தழும்பு. சூளைக்காரர்கள் நடுவில் இருக்கிறவள் நான், சூடு பட்ட கை எனக்குப் புதிதல்ல. தவறிப் பட்ட சூடு ஒரு இடத்தில் இருக்கும், கோணல் மாணலாக இருக்கும். இது ஒன்றன் கீழ் ஒன்றாக, கரண்டி விளிம்பு அகலத்துக்கு வரிசையாக இருந்தது. யாரோ நிதானமாக வைத்த சூடு. அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டதையும் பார்த்தாள். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் குனிந்து சீட்டைத் திருப்பினேன். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பையை நீட்டுகிற சீட்டு. அடுத்தது சூரியன். மூன்றாவது, வானவில்லுக்குக் கீழே புருஷனும் பெண்டாட்டியும் கை தூக்கி நிற்க, குழந்தைகள் ஆடுகிற சீட்டு.

சினேகிதி கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அனுப்பலாம் இல்லக்கா?"

"சரிம்மா. நல்லாத்தானே வந்திருக்குது" என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெண் காலி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் ஒயரிங் வேலைக்கு வேப்பூர் போயிருந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, எனக்கு ஒரு தடவ பாருங்க. நான் போவாம இங்கியே இருந்துட்டா எப்படி இருக்கும்னு பாருங்க."

"என்னாம்மா ஆச்சு?" என்று கேட்டேன். தெரியாத மாதிரி கேட்டேன்.

"அவரு கொல்லை வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போவாரு. போனு அவருகிட்டதான் இருக்கும். சாயந்திரம் வந்துதான் தொறப்பாரு" என்றாள். சூட்டைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் தலைக்கு நேர் மேலே பரண். பரணில் ஜாடி. ஜாடிக்குள் கண்ணும் கையும் கட்டின அந்தப் பெண். எனக்கு அந்த நினைப்பு வந்ததா என்றால், வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி ஜாடியை இறக்கினேனா என்றால், இல்லை. சீட்டைக் கலைத்து நீட்டினேன். நட்சத்திரம் வந்தது. சிங்கத்தின் வாயை மெதுவாக மூடுகிற ஒரு பெண் வந்தாள். அப்புறம் உலகம், மாலைக்கு நடுவே ஆடுகிறவள். நல்லதைத் தவிர வேறு எது வரும் அந்தச் சீட்டுக்கட்டில்?

"நல்லாத்தாம்மா வருது" என்றேன்.

அவள் ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்துப் பார்த்தேன். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள். "அம்மாகிட்ட இத நீங்களே சொல்லிடுங்க பெரியம்மா. நான் சொன்னா கேக்காது. நீங்க சொன்னா கேக்கும்."

"சரிம்மா" என்றேன்.

சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க சினேகிதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள். வருகிறவர்களுக்கு அதிரசம் சுடுவதா முறுக்கு போதுமா, மாப்பிள்ளைக்கு வேட்டி எடுப்பதா சட்டை எடுப்பதா என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய மலர்ந்த முகம் வாடுமே என்று விழுங்கிக்கொண்டேன். அதிரசம் நல்லது என்றேன். கொலு ஆர்டர் நேரம், மேசையில் சாமான் குவிந்து கிடந்தது. சுண்டிச் சுண்டி உடைத்துக்கொண்டிருந்தேன். கீறலைக் கண்டால் ஒரு நொடி யோசிக்காத கை அது.

அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பேச்சுக்கென்று பெரியப்பா, இன்னும் ஒன்றிரண்டு பேர். சினேகிதி என்னையும் வரச் சொல்லியிருந்தாள். "எனக்குன்னு நீ ஒருத்தி உக்காந்திருந்தா தைரியமா இருக்கும்" என்றாள். கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண் அடுக்களை வாசலில் நின்றாள். அதே முழுக்கைச் சுடிதார்.

பெரியப்பா மரியாதையான மனிதர். "புள்ளைய நாங்க கண்ணுல வச்சிப் பாத்துக்கறோம். புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். இன்னைக்கு நாள் நல்லா இருக்குது, கூட்டிட்டுக் கெளம்பறோம்" என்றார்.

"நான் அனுப்பலன்னு சொல்லலீங்க" என்றாள் சினேகிதி. "கார்டுலகூட பாத்தாச்சுங்க. ரொம்ப நல்லா வந்துது. வேணும்னா கேளுங்க, பாத்த அக்கா இங்கதான் இருக்குது."

"எனக்கும் பாத்தாங்க" என்றது அடுக்களை வாசல். "போவாம இருந்தா நல்லா இருக்கும்னு வந்துது. பெரியம்மா உன்கிட்ட சொல்லலியாம்மா?"

கூடத்தில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் கையில் காபி தம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"என்னாங்கம்மா, போனாலும் நல்லது, போவாட்டியும் நல்லதுன்னா அது எப்படிங்க?" என்று பெரியப்பா கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதுல கெட்டது கெடையாதுங்க" என்றேன்.

"புரியலியே."

"கெட்ட கார்டையெல்லாம் நான் எடுத்துட்டேங்க. யாரும் பயந்துடக் கூடாதேன்னு. வூட்டுல ஜாடியில போட்டு வச்சிருக்கறேன்."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஜாடியிலயா? உப்பு போட்டா வச்சிருக்கீங்க?" என்று பெரியப்பா கேட்டதும் வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தபோது நானே கை தட்டி அனுப்பி வைத்தேன். இதை இத்தனை நாள் கழித்து எழுதும்போதும் காது சுடுகிறது.

சினேகிதி சிரிக்கவில்லை. அவள் மகளும் சிரிக்கவில்லை.

"கார்டு கெடக்குது பெரியம்மா" என்றாள் அந்தப் பெண். "நீங்க சொல்லுங்க. நான் போவலாமா?"

நேர் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் இருந்தது. அந்தக் கூடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடிய ஆள், அவளை விட்டால், நான் ஒருத்திதான். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா இன்னும் சிரித்த முகமாகவே இருந்தாள்.

"பெரியவங்க இத்தினி பேரு இருக்கீங்க. நான் என்னா சொல்றது. நீங்க பாத்து எது முடிவு பண்ணாலும் சரிதாம்மா" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. பலகையில் ஒரு சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் கூடத்துக்கு நடுவில் வந்து நின்று இரண்டு சட்டைக் கையையும் மேலே சுருட்டினாள்.

சினேகிதி எழுந்துவிட்டாள்.

"அடுப்புல பட்டதுங்க அது. சமைக்கறவங்களுக்குப் படாதா?" என்றாள் மாமியார்.

"எப்படிப் பட்டதுன்னு பெரியம்மாவுக்குத் தெரியும்" என்றாள் அந்தப் பெண். "சூளையில எத்தினி பேரு சூடு பாத்திருப்பாங்க. அவங்களையே கேளுங்க. அன்னைக்கே பாத்தாங்க."

சினேகிதி மகளின் கையைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாக்கா?"

தலையை ஆட்டினேன்.

"எப்ப?"

"கார்டு எடுக்கறப்ப. நீ கண்ண மூடியிருந்த."

"இது தவறிப் பட்டதாக்கா?"

"இல்ல" என்றேன். என் வாயிலிருந்து இல்லை என்று வந்தது அன்றைக்குத்தான். அது யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் வந்தது. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

சினேகிதி என் கிட்டே வந்து, நான் பாதி குடித்து வைத்திருந்த காபி தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் காபியைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பெரியப்பாவிடம், "புள்ள வராதுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அப்புறம் சத்தம் வந்தது, சட்டம் வந்தது, பார்த்துக்கொள்கிறேன் என்ற பேச்செல்லாம் வந்தது. அவள் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வேன் போய்விட்டது. அதிரசம் தட்டில் அப்படியே இருந்தது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டு ஜாடியை இறக்கினேன். எலும்புக்கூட்டையும் கோபுரத்தையும் கண் கட்டினவளையும் திரும்பச் சீட்டுக்கட்டில் சேர்த்தேன். சேர்த்து என்ன? இப்போது யாரும் கேட்பதில்லை. காலையில் எனக்கு நானே ஒரு சீட்டு எடுத்துப் பார்ப்பதோடு சரி. நல்லதும் வருகிறது, கெட்டதும் வருகிறது. வேப்பமரத்தடியில் எனக்கு "ஜாடியக்கா" என்று பெயர் விழுந்துவிட்டது. கிளேஸ் பெண்தான் வைத்தாள். கொய்யாப்பழம் கொடுத்த கையெல்லாம் இப்போது "உப்பு போட்டியாக்கா" என்று கேட்கிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். தாங்க முடியாதது வேறு. சினேகிதி இப்போது என்னை நீங்க வாங்க என்கிறாள். "அந்தப் பலகைய கொஞ்சம் நவுத்துங்க." "சூப்பர்வைசர் கூப்புடறாருங்க." இத்தனை வருஷம் வா போ என்று கூப்பிட்டவளின் வாயில் அந்த மரியாதையைக் கேட்கும்போது, அன்று அவள் கொட்டின காபிச் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது.

அவள் மகளும் எங்கள் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கேஸ் நடக்கிறது, அதற்கு வாய்தாவுக்குப் போகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் வருகிறாள். சார்ட்டிங்குக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி அவளை என் எதிரிலேயே உட்கார வைத்துவிட்டார். அரைக்கைச் சுடிதார்தான் போடுகிறாள். அந்த வரிசைத் தழும்பைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் வேலை செய்கிறேன். அவள் என்னிடம் முகம் திருப்பவில்லை. பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். திருப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வாரம் ஒரு ஜாடியைச் சுண்டி நல்ல பக்கம் வைத்தாள். சத்தம் எதிரில் இருந்த என் காதில் விழுந்தது. கணீரென்று இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை, முகம் வாடிவிடுமே. அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது அந்த ஜாடியை மெதுவாக எடுத்து என் பக்கம் நகர்த்தினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"என்னா பெரியம்மா?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் ஜாடியை வாங்கிக் காதோரம் வைத்து மறுபடி சுண்டினாள். டொக். தொட்டியில் போட்டு உடைத்தாள். சில்லு என் கால்வரை தெறித்தது.

"கீறல் இருந்துது இல்ல?"

"இருந்துது."

"அத வாயத் தொறந்து சொல்லுங்க பெரியம்மா. சொன்னா ஒடைஞ்சி போறதுக்கு நான் என்னா பீங்கானா?"

பக்கத்து மேடையில் களிக்கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா கையை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.

"சரிம்மா" என்றேன்.